பிக் ஆப்பிளை முதலில் சொன்ன இருவர்

நியூயார்க் நகரத்துக்கு 'பிக் ஆப்பிள்' என்ற பெயர் எப்படி வந்தது என்று இணையத்தில் தேடினால் ஒரு கதை சீக்கிரமே கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈவ் என்ற பெண்மணி அங்கே ஒரு விலைமாதர் விடுதி நடத்தினாராம். தன்னிடம் இருந்த பெண்களை 'என் ஆப்பிள்கள்' என்று அழைப்பாராம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் 'ஆப்பிள் கடிக்கப் போகிறோம்' என்று சொல்லிச் சொல்லி ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதாம். பைபிள் வாசனை, கொஞ்சம் கிளுகிளுப்பு, ஒரு பெண்ணின் பெயர் எல்லாம் இருப்பதால் கதை நன்றாகப் பரவுகிறது. ஆனால் இது 1990களில் ஒரு இணையதளத்தில் முளைத்த கட்டுக்கதை. பழைய செய்தித்தாள் எதிலும் இதற்கு ஆதாரம் கிடையாது.

உண்மைக் கதை குதிரை லாயத்தில் தொடங்குகிறது. 1920களில் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட் என்பவர் நியூயார்க் மார்னிங் டெலிகிராஃப் பத்திரிகையில் குதிரைப் பந்தயச் செய்திகள் எழுதிவந்தார். நியூயார்க்கின் பந்தய மைதானங்களைக் குறிக்க 1921-லேயே 'பிக் ஆப்பிள்' என்று எழுதத் தொடங்கிவிட்டார். 1924 பிப்ரவரி 18 அன்று தன் பத்திக்கே 'அரவுண்ட் த பிக் ஆப்பிள்' என்று தலைப்பு வைத்தார். இந்தச் சொல் தன்னுடையது அல்ல என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். நியூ ஆர்லியன்ஸில் ஃபேர் கிரவுண்ட்ஸ் என்ற பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே, ஓடி முடித்த குதிரைகளின் உடம்புச் சூடு தணிய அவற்றை வட்டமாக நடத்திக்கொண்டிருந்த இரண்டு கறுப்பின லாய ஊழியர்கள் பேசிக்கொண்டதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். 1926-இல் அந்தப் பேச்சை அப்படியே எழுதினார்.

ஒருவர் கேட்கிறார், "இங்கேருந்து அடுத்து எங்கே போறீங்க?" மற்றவர், "பிக் ஆப்பிளுக்குத்தான்." உடனே முதலாமவர், "அப்போ அந்த எலும்புக் கூடுகளுக்கு நல்லாத் தீனி போட்டுத் தேத்து. இல்லாட்டி ஆப்பிள்ல உனக்குக் கொட்டைதான் மிஞ்சும்."

இதில் எத்தனை விஷயம் இருக்கிறது! லாய ஊழியர்கள் குதிரைகளோடு வருடம் முழுவதும் ஊர் ஊராக அலைகிறவர்கள். சின்ன ஊர்ப் பந்தயங்களில் பரிசுப் பணம் கம்மி. பெரிய பரிசு, பெரிய பெயர், பெரிய போட்டி எல்லாம் நியூயார்க்கில். குதிரை ஜெயித்தால் கூட இருந்தவர்களுக்கும் ஏதாவது கிடைக்கும். ஆசையும் எச்சரிக்கையும் தொழில் அறிவும் மூன்று வரியில் வந்துவிட்டன. 'பெரிய ஆப்பிள்' என்று ஒருவர் சொன்னவுடன் இன்னொருவர் 'கொட்டை' என்று நீட்டிச் சொல்கிறார் பாருங்கள், அந்த வேகம் எந்த விளம்பர நிறுவனத்துக்கும் வராது.

1930களில் ஜாஸ் இசைக்கலைஞர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வழக்கு குறைந்தது. 1971-இல் நகரத்தின் சுற்றுலா அமைப்புக்குத் தலைமை வகித்த சார்ல்ஸ் ஜில்லெட் அதைத் தூசி தட்டி எடுத்து விளம்பரத்தில் போட்டார். குற்றமும் பணத் தட்டுப்பாடும் நகரத்தின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சிவப்பு ஆப்பிள் சட்டையிலும் கோப்பையிலும் ஏறி உலகம் சுற்றியது.

இந்த வரலாற்றைக் கண்டெடுத்ததில் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருவர் மிசௌரியில் பேராசிரியராக இருந்த ஜெரால்ட் கோஹென். இன்னொருவர் பாரி பாபிக். நியூயார்க்கில் வாகன நிறுத்த அபராத வழக்குகளை விசாரிப்பது அவர் தொழில். மிச்ச நேரம் முழுக்க நூலகத்தில் பழைய செய்தித்தாள் சுருள்களோடு கழித்தவர். அவரைப் போன்றவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. யாரும் சம்பளமோ பட்டமோ கொடுக்கவில்லை, ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான். 1997-இல் ஃபிட்ஸ் ஜெரால்ட் வாழ்ந்த இடத்துக்கு, அதாவது மேற்கு 54ஆம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் முனைக்கு, 'பிக் ஆப்பிள் கார்னர்' என்று நகரம் பெயர் வைத்தது. எழுதியவரின் வீட்டு முனை அப்படிப் பெயர் பெற்றது. சொன்ன இருவரின் பெயரை அவர் பத்தியில் குறிக்கவே இல்லை.

அமெரிக்கச் சொற்களின் பிறப்பைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டே வருவது இதுதான். ஊரில் சுற்றும் அழகான கதை பெரும்பாலும் ஒரு பெரிய மனிதரிடம் போய் நிற்கும். பழைய செய்தித்தாளோ பெயர் தெரியாத யாரோ ஒருவரிடம் கொண்டு போய் விடும். பொய்க் கதையால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் உண்டு. நஷ்டம் அந்தப் பெயர் தெரியாதவருக்கு.

சில உதாரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் 'ஹூக்கர்' என்ற கொச்சைச் சொல், உள்நாட்டுப் போரில் படை நடத்திய ஜெனரல் ஜோசஃப் ஹூக்கரின் முகாமிலிருந்து வந்தது என்பார்கள். போர் 1861-இல் தொடங்கியது. 1845-இலேயே வட கரோலினாவில் அந்தச் சொல் எழுத்தில் இருக்கிறது. அரசியல்வாதிகளை நெருங்கிக் காரியம் சாதிக்கப் பார்ப்பதைக் குறிக்கும் 'லாபி' செய்வது என்ற சொல்லை, வில்லார்ட் ஹோட்டல் முன்கூடத்தில் தன்னை மொய்த்தவர்களைப் பார்த்து ஜனாதிபதி கிராண்ட் உருவாக்கினார் என்று இன்னொரு கதை. கிராண்ட் பதவிக்கு வந்தது 1869-இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சட்டமன்றங்களின் முன்கூடத்தில் காத்துக்கிடந்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். சிகாகோவுக்கு 'விண்டி சிட்டி' என்ற பெயரை 1893 வாக்கில் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் சார்ல்ஸ் டேனா வைத்தார் என்பதும் இதே ரகம். 1876-லேயே சின்சினாட்டி பத்திரிகையில் அது வந்துவிட்டது. மூன்று கதைகளையும் கவிழ்ப்பது தேதிதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களை லட்சக்கணக்கான பக்கங்களாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நம் ஊரில் உட்கார்ந்துகொண்டே யாரும் தேடிப் பார்க்கலாம்.

சில நேரம் பொய்க் கதைக்கு அரசாங்க முத்திரையே விழுந்துவிடுகிறது. அமெரிக்க அரசைக் குறிக்கும் 'அங்கிள் சாம்' என்ற பெயரின் கதை அப்படி. நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்ற ஊர். பிரிட்டனோடு நடந்த 1812 போர்க்காலத்தில் சாமுவேல் வில்சன் என்ற இறைச்சி வியாபாரி ராணுவத்துக்குப் பீப்பாய் பீப்பாயாக மாட்டிறைச்சி அனுப்பினார். பீப்பாய் மேல் யு.எஸ். என்று முத்திரை இருக்கும். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளைக் குறிக்கும் எழுத்து. வேலையாட்களோ 'அது நம்ம அங்கிள் சாம்' என்று தங்கள் முதலாளியைக் காட்டினார்களாம். 1961-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானமே போட்டு, இந்தச் சின்னத்துக்கு மூலம் வில்சன்தான் என்று வணக்கம் செலுத்தியது. ஆனால் போருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1810 மார்ச்சில், ஐசக் மேயோ என்ற இளம் கடற்படைப் பயிற்சி அதிகாரி வாஸ்ப் என்ற கப்பலில் இருந்தபடி நாட்குறிப்பு எழுதினார். கடல் நோயில் துவண்டுபோயிருந்த பையன். அந்த நேரம் பார்த்துக் கரையில் இறங்க முடிந்திருந்தால், 'அங்கிள் சாம் என்கிறார்களே, அவர்' ஒரு மாலுமியை நிரந்தரமாக இழந்திருப்பார் என்று எழுதியிருக்கிறார். கவனியுங்கள், 'என்கிறார்களே'. அப்போதே மாலுமிகள் வாயில் புழங்கிய பெயர் அது. வில்சன் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். அதற்காக வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.

சரி, 'ஓகே'வுக்கு வருவோம். தமிழில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று கணக்கே இல்லாத சொல். இதற்குத்தான் எத்தனை பிறப்புக் கதைகள்! போரில் யாரும் சாகவில்லை என்று பலகையில் 'ஜீரோ கில்டு' என எழுதியதன் சுருக்கம் என்று வாட்ஸப்பில் வரும். கிரேக்கச் சொல் என்பார்கள். ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரரின் பெயரெழுத்து என்பார்கள். சாக்டா பழங்குடி மொழியின் சொல் என்று நம்பிய ஜனாதிபதி உட்ரோ வில்சன் கோப்புகளில் அந்த மொழிக்குப் பொருந்தும்படி எழுத்தையே மாற்றி எழுதிவந்தார்.

இதைத் தீர்த்துவைத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964 ஆண்டுகளில் அமெரிக்கன் ஸ்பீச் இதழில் தொடர் கட்டுரைகளாக எழுதினார். கணினித் தேடல் இல்லாத காலம். பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

அவர் கண்டது இது. 1838, 39 வாக்கில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பித்து பிடித்திருந்தது. ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சில் போடுவது. 'ஆல் ரைட்' என்பதை 'ஒல் ரைட்' (oll wright) என்று தப்பாக எழுதி ஓ.டபிள்யூ. 'நோ யூஸ்' என்பதைக் கோணலாக (know yuse) எழுதி கே.ஒய். இன்றைய பிள்ளைகள் போனில் செய்வதையேதான் அன்று மீசை வைத்த ஆசிரியர்கள் செய்தார்கள். 1839 மார்ச் 23 அன்று, சார்ல்ஸ் கார்டன் கிரீன் ஆசிரியராக இருந்த பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் ஒரு கேலிக் குறிப்பு வந்தது. மணி அடிப்பதை எதிர்க்கும் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழுவின் பயணம் பற்றி, பிராவிடன்ஸ் ஊர்ப் பத்திரிகையோடு நடந்த சில்லறைச் சண்டை. அதன் நடுவில்தான் 'ஓ.கே. — ஆல் கரெக்ட்' என்று வருகிறது. 'ஆல் கரெக்ட்' என்பதைக் கோணலாக (oll korrect) எழுதி எடுத்த முதலெழுத்துகள்தான் ஓ.கே. உலகத்தின் பாதிப் பேர் வாயில் இருக்கும் சொல்லுக்குப் பிறப்பிடம் நாலாம்தர நக்கல் குறிப்பு ஒன்று. எனக்கு இது பிஸ்கட் கதையை விட ஆயிரம் மடங்கு பிடிக்கிறது.

அதே பித்தில் பிறந்த மற்ற சுருக்கங்கள் எல்லாம் இரண்டொரு வருடத்தில் செத்துவிட்டன. ஓகே மட்டும் ஏன் பிழைத்தது? 1840 தேர்தல்தான் காரணம். ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை நிற்கிறார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்றார்கள். அதன் முதலெழுத்துகளும் ஓ.கே. நியூயார்க்கில் அவருடைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஓ.கே. கிளப் என்று தொடங்கி, எதிர்க்கட்சிக் கூட்டங்களுக்குள் புகுந்து கூச்சல் போட்டுக் கலாட்டா செய்தார்கள். விக் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்பதை அவர்தான் இப்படித் தப்பாக எழுதுவார் என்று கிளப்பிவிட்டார்கள். ஆக இந்தச் சொல்லைப் பற்றிய முதல் பொய்க் கதை, சொல் பிறந்த அடுத்த வருடமே எதிர்க்கட்சி உருவாக்கியது.

அந்தத் தேர்தலே பொய்ப் பட்டப்பெயர்களின் திருவிழா. விக் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிஸனை, ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளைக் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்து நிம்மதியாகக் காலம் தள்ளுவார் என்று எதிர்ப்பத்திரிகை ஒன்று மட்டம் தட்டியது. விக் கட்சி அதையே பிடித்துக்கொண்டு, எங்கள் ஆள் குடிசைக்காரர், ஏழை பங்காளர் என்று ஊர்வலம் விட்டது. ஹாரிஸன் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பெரிய பண்ணை மாளிகையில். ஜெயித்தும் விட்டார். பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தும் போனார். வான் பியூரன் தோற்றார், ஓகே தோற்கவில்லை. அப்புறம் தந்தி வந்தது. செய்தி சரியாக வந்து சேர்ந்தது என்று பதில் தட்ட, தந்திக்காரர்களுக்கு இரண்டே எழுத்து போதும் என்றால் வேறென்ன வேண்டும்?

1970 வாக்கில் டேவிட் டால்பி என்ற ஆய்வாளர், ஓகே மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து அடிமைகளோடு வந்திருக்கலாம் என்று எழுதினார். அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் என் மனம் விரும்புகிறது. ஆனால் 1839-இல் அச்சில் விளக்கத்தோடு நிற்கும் சான்றை அது அசைக்கவில்லை. பிடித்த கதைக்கு ஒரு நியாயம், பிடிக்காத கதைக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் இந்த வேலையே அர்த்தமில்லாமல் போய்விடும்.

அரசியல் சொற்களில் பிறந்த நாள் தெளிவாகத் தெரிந்த ஒன்று 'ஜெர்ரிமேண்டர்'. தொகுதி எல்லையைத் தன் கட்சிக்குச் சாதகமாக வளைத்து வரைவது. 1812 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி அப்படி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எஸக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி, கடலோரம் தொடங்கி உள்ளே வளைந்து மறுபடி வடக்கே சால்ஸ்பரி வரை நெளிந்து போனது. மார்ச் 26 அன்று பாஸ்டன் கெஸட் அந்த வரைபடத்துக்கு இறக்கையும் நகமும் பல்லும் வைத்து ஒரு மிருகமாக அச்சிட்டது. சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தின் பெயரில் ஆளுநர் பெயரை ஒட்டி வைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரி பதவி இழந்தார். ஆனால் மாநில செனட்டில் அவர் கட்சி, மொத்த வாக்குகளில் பின்தங்கியிருந்தும், 40 இடங்களில் 29-ஐப் பிடித்தது. கோடு வேலை செய்தது.

இங்கேயும் பெரிய மனிதர் கதை புகுந்துவிட்டது. படத்தை வரைந்தது புகழ்பெற்ற ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று சுட்டுவது எல்கானா டிஸ்டேல் என்ற, அவ்வளவாகப் பெயர் தெரியாத செதுக்குக் கலைஞரை. கெர்ரியின் நிலையும் பாவம்தான். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். குடிமக்கள் உரிமைகள் இல்லாத அரசியல் சட்டத்தில் கையெழுத்திட முடியாது என்று 1787-இல் துணிந்து மறுத்தவர். நாட்டின் துணை ஜனாதிபதியாகப் பதவியில் இருந்தபோதே 1814-இல் இறந்தார். இத்தனைக்கும் மேல் மிஞ்சியது அந்த மிருகம். அதிலும் அவர் பெயரைத் தப்பாக 'ஜெர்ரி' என்றே சொல்கிறார்கள். 2025-இல் டெக்ஸஸ் தன் தொகுதி வரைபடத்தை நடுவில் மாற்றி, கலிஃபோர்னியா பதிலுக்கு மாற்றியபோது நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சொல்தான்.

இவையெல்லாம் படிக்கச் சுவையானவை. சுவையே இல்லாத பிறப்புகளும் உண்டு. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு மென்பொருள் வேலை செய்கிறவர்கள் 'கிராண்ட்ஃபாதர்டு' என்ற சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். புது விதி வந்தாலும் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய விலையே தொடரும், அவர்கள் 'கிராண்ட்ஃபாதர்டு'. எங்கள் அலுவலகக் கூட்டங்களிலும் சாதாரணமாக வரும். தாத்தா காலத்துச் சலுகை என்று கேட்க இனிமையாகவே இருக்கிறது.

அந்தத் தாத்தா யார்? 1870-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தெற்கு மாநிலங்கள் சுற்றிவளைத்தன. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், சொத்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அதில் ஏழை வெள்ளையரும் மாட்டுவார்களே? அதற்கு ஒரு விதிவிலக்கு. 1867 ஜனவரி 1-இல் உன் அப்பாவோ தாத்தாவோ வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தால் உனக்கு இந்தச் சோதனை கிடையாது. அந்தத் தேதியில் அந்த மாநிலங்களில் எந்தக் கறுப்பினத் தாத்தாவுக்கு வாக்கு இருந்தது? லூசியானா 1898-இல் இந்த விதியைத் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்தது. 1896-இல் அங்கே 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவில் இருந்தார்கள். 1900-இல் மிஞ்சியவர்கள் 5,320. உச்ச நீதிமன்றம் தாத்தா விதியை ரத்து செய்ய 1915 ஆனது. 2020-இல் மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கட்டட வழக்கின் தீர்ப்பில், இனவாதப் பிறப்பு கொண்ட இந்தச் சொல்லைத் தாங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்று அடிக்குறிப்பு எழுதியது. நானும் இப்போது 'பழைய பிளானிலேயே தொடர்கிறவர்கள்' என்று சொல்லிவிடுகிறேன். நீளம்தான், பரவாயில்லை.

'ஆற்றோடு கீழே விற்றுவிட்டான்' என்று அமெரிக்கர்கள் துரோகத்தைச் சொல்வார்கள். அலுவலகப் பேச்சில் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆறு மிஸிஸிப்பி. கென்டக்கி போன்ற மாநிலங்களில் இருந்த அடிமைகளை, மனைவியிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் பிரித்து, கீழே பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்குப் படகில் ஏற்றி விற்றார்கள். அது உவமையாக ஆரம்பித்த சொல் அல்ல. நடந்தது.

கடைசியாக, இன்று மிக அதிகம் சண்டை போடப்படும் சொல். 'வோக்'. விழித்திருப்பது என்று பொருள். இன்றைய அமெரிக்க அரசியலில் அது பெரும்பாலும், இன அநீதி போன்றவற்றைப் பேசுகிறவர்கள் மேல் வீசும் வசவு. 1931-இல் அலபாமாவில், சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் வல்லுறவுக் குற்றம் பொய்யாகச் சுமத்தப்பட்டது. இளையவனுக்கு 13 வயது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடுகளால் தண்டனை நிறைவேறவில்லை, ஆனால் பல வருடங்களைச் சிறையில் இழந்தார்கள். லெட் பெல்லி என்ற பாடகர் அவர்களைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். 1938-இல் பதிவான அதன் முடிவில் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள், 'ஸ்டே வோக்', கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்கிறார். உயிர் பிழைப்பதற்கான வழி சொல்கிறார், அவ்வளவுதான். அந்தப் பையன்களில் மன்னிப்போ விடுவிப்போ கிடைக்காமல் எஞ்சியிருந்த மூவருக்கு அலபாமா 2013-இல்தான் மன்னிப்பு வழங்கியது. மூவரும் அதற்கு வெகு முன்பே இறந்துவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2022-இல், பக்கத்து மாநிலமான ஃபுளோரிடா 'ஸ்டாப் வோக்' என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. இனப் பாகுபாடு பற்றிப் பள்ளிகளிலும் அலுவலகப் பயிற்சிகளிலும் எப்படிப் பேசலாம் என்பதற்கு அதில் கட்டுப்பாடுகள். அலுவலகங்கள் பற்றிய பகுதி பேச்சுரிமைக்கு விரோதமானது என்று 2024 மார்ச்சில் அலபாமாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் பொதுவான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது.